சீட்டில் ‘பூச்சிக்கடி’, வார்டில் வென்டிலேட்டர்



இருட்டிய பிறகு பாம்பைப் பேர் சொல்லிப் பேசும் வழக்கம் கிராமங்களில் இல்லை. “பூச்சி பொட்டு கிடக்கும், விளக்கெடுத்துட்டுப் போ” என்பார்கள். பாட்டிமார் வாயில் அது அச்சம் கலந்த மரியாதை. அதே ‘பூச்சி’ ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறினால் உயிருக்கு உலை.

என் சித்தி, போன புரட்டாசியில் ஒரு நாள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பின்னிரவில் முழங்கையில் சுருக்கென்றது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. வீக்கம் இல்லை, பல் தடமும் தெரியவில்லை. விடிவதற்குள் வயிறு பிசைந்தது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில், “சிலந்தி ஏதாச்சும் கடிச்சிருக்கும்மா” என்று அவில் என்ற ஒவ்வாமை ஊசி ஒன்றைப் போட்டு, சீட்டில் ‘பூச்சிக்கடி, அன்னோன் பைட்’ (எதுவென்று தெரியாத கடி) என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு இரண்டு இமைகளும் தொங்கின. பத்தரைக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. 108 வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், ஆறு நாள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார்.

கடித்தது கட்டுவிரியன்.

நம் வீடுகளில் வலை பின்னும் சிலந்தி கடித்து யாருக்கும் இமை தொங்குவதில்லை. கட்டுவிரியன் கடி அப்படியல்ல. இரவில்தான் அது நடமாடும். எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குகிறவர் புரண்டு படுக்கையில் கடித்துவிடும். கண்ணாடிவிரியன் கடித்தால் கால் வீங்கி ஊரே அறியும். இதுவோ பல நேரம் வலிக்காது, வீங்காது. ஆனால் அதன் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைத்துவிடும். சிதைந்த பிறகு எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் அவை உடனே திரும்பா. தாமாக வளரும் வரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். தாமதத்துக்கு விலை இவ்வளவு என்பதால்தான், சந்தேகக் கடி என்றாலே 24 மணி நேரம் படுக்க வைத்துக் கவனிக்க வேண்டும் என்கிறது சிகிச்சை நெறிமுறை. அதற்கு ஸ்கேன் வேண்டாம். மணிக்கொரு தரம் “அண்ணாந்து பாருங்க” என்று சொல்லி இமையைப் பார்க்க ஒரு செவிலியர் போதும். கண்ணாடிவிரியன் போன்றவற்றின் நஞ்சா என்று அறியவும் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2030க்குள் அதைப் பாதியாக்கும் தேசியத் திட்டத்தை ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கித் தமிழக அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் கடித்த பாம்பே ‘அன்னோன்’ ஆகிவிட்டால் யார் எதை அறிவிப்பது?

மருந்துக்கும் நமக்கும் தூரமில்லை. மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பு பிடித்து எடுக்கும் நஞ்சிலிருந்துதான் பெரும்பாலான விஷமுறிவு மருந்து உருவாகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். உயிரைப் பணயம் வைத்து அவர்கள் எடுத்த நஞ்சு மருந்தாகிக் குளிர்பெட்டியில் இருக்க, சீட்டில் அவில் எழுதுவது அவர்களுக்கும் செய்யும் அவமதிப்பு.

சுகாதாரத் துறையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்று வலியோடு வந்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அறிகுறி கண்டதும் முதல் தவணை விஷமுறிவு மருந்தை அங்கேயே தொடங்கிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ‘அன்னோன் பைட்’ என்று எழுதியே ஆக வேண்டுமென்றால், அந்த நோயாளி மறுநாள் என்ன ஆனார் என்று கேட்டு எழுத ஒரு கட்டத்தையும் பதிவேட்டில் சேர்க்கட்டும். பாயில் படுப்பவர்களுக்குக் கொசுவலையை ஓரம் செருகிப் படுக்கச் சொல்லவும் யாருக்கும் தனி நிதி தேவைப்படாது.

சித்தி இப்போது கட்டிலில் படுக்கிறார். அந்த நிலையத்தின் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி அவரே போய்க் கேட்டார். “அது பழைய நோட்டும்மா, மூடியாச்சு” என்றார்களாம்.

இப்படிக்கு,
காவிரிப் பாசனப் பகுதி வாசகர் ஒருவர்