தாத்தா படத்தின் பின்னால் பெயர் இருக்கிறதா?

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பூண்டி ஏரி நிரம்பியது. உபரி நீரைக் கொசஸ்தலை ஆற்றில் திறந்து விட்டார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் பல ஊர்களில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயல் வந்தபோதும் இதே கதிதான்.

வெள்ளம் வடிந்தது. ரேஷன் கார்டு போனவர்களுக்கு வேறு கார்டு கிடைத்தது. பட்டாவுக்கும் நகல் உண்டு. ஆனால், தாத்தாவின் போட்டோவுக்கு எந்தத் தாலுகா ஆபீசில் மனு கொடுப்பது?

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது பெரிய காரியம். டவுனுக்குப் போக வேண்டும். ஸ்டுடியோவில் அசையாமல் நிற்க வேண்டும். பலருக்கு வாழ்நாளில் ஒரே படம்தான். சில பாட்டிகளுக்கு அதுவும் இல்லை!

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் கிடந்த குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடித் தேடிச் சேர்த்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகம் அதற்கு உதவி செய்தது. சீமைக்காரர் மதிக்கும் பொருள், நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் கரையானுக்கு இரையாகிறது. நடிகர் படம் போட்ட காலண்டருக்குத்தான் சுவரில் நல்ல இடம். அது கிழிந்தால் வேறு வாங்கலாம். பாட்டி படத்தை எங்கே வாங்குவது?

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. உயிர் தப்பினால் போதும் என்று படகு ஏறியவர்கள், ஆல்பத்தையா தூக்கி வந்திருப்பார்கள்? ஒரு படத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

அதே ஊரில் சிப்காட் தொழிற்பேட்டை. பிழைக்க வந்தவர்கள் வாடகை அறையில் இருக்கிறார்கள். அடிக்கடி வீடு மாற்றுகிறார்கள். படம் எல்லாம் செல்போனில். போன் தண்ணீரில் விழுந்தால் பிள்ளையின் முதல் பிறந்த நாளும் அதோடு போகலாம். முக்கியமான பத்துப் படங்களையாவது காகிதத்தில் போட்டு வைக்க வேண்டாமா?

வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி மறதி. "இது யார்?" என்று பேரன் கேட்கிறான். "யாரோ பெரியப்பா வகையறா" என்கிறார் அப்பா. கதை முடிந்தது! பாட்டிக்கு நினைவு இருக்கும்போதே கேளுங்கள். பெயர், ஊர், உறவு, வருஷம் ஆகியவற்றைப் படத்தின் பின்னால், ஓரத்தில், பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறும். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.

பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டும் தாள் வைத்த ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. அவற்றில் படம் பழுப்பேறும், பிரித்தால் கிழியும். நாலு மூலையில் செருகி வைக்கும் பழைய ஆல்பமே மேல். மழை ஊறும் சுவரில் படம் மாட்டுவதும் தப்பு. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது. அப்படியே வைத்து, அதை ஒரு போட்டோ எடுத்து விடுங்கள்.

ஸ்டுடியோவில் கழுவிய படம் நனைந்து விட்டதா? ஈரம் காயுமுன் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். சேறு இருந்தால் நல்ல தண்ணீரில் அலசலாம். முகத்தைத் தொடாமல், நிழலில், துணிமேல் மல்லாக்கப் போடுங்கள். வெயில் கூடாது, சுருண்டு விடும். கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த படத்தை மட்டும் அலச வேண்டாம். சாயம் கரைந்து விடும்.

ஒவ்வொரு படத்துக்கும் நகல் எடுத்து, கட்டிக் கொடுத்த பெண்ணின் வீட்டில் ஒன்று வையுங்கள். அவள் திருச்சியிலோ மதுரையிலோ இருந்தால் இன்னும் நல்லது. கொசஸ்தலை ஆறு அங்கே போகாது!