செய்யுள் செய்யச் சொன்ன வகுப்பு

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இளங்கலைத் தமிழ் இலக்கிய மாணவிகள் யாப்பிலக்கணத் தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறளைக் கொடுத்து, அலகிட்டு வாய்பாடு தருக என்று கேட்டிருக்கிறார்கள். மாணவி அளவுகோல் வைத்துக் கோடு கிழிக்கிறாள். சீர், அசை, வாய்பாடு என்று மூன்று பத்தி. நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா என்று நிரப்பிக்கொண்டே போகிறாள். ஈற்றுச்சீர் நாளா, மலரா, காசா, பிறப்பா என்று பார்த்து முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாள். மூன்று ஆண்டுப் படிப்பில் இப்படி எத்தனையோ குறளை அவள் பிரித்துப் பார்த்திருப்பாள். ஒரு வெண்பாவை நீயே எழுதிக்கொண்டு வா, தளை தட்டினால் சேர்ந்து சரிசெய்வோம் என்று பெரும்பாலும் யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் தமிழ் படித்தவர்களுக்கு இது விளங்கியே இருக்காது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) தமிழ் கற்பதென்றால் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று வரிசையாகப் பாடம் கேட்பது. அதோடு சேர்ந்தே செய்யுள் செய்வது. பிள்ளை மனத்திலேயே பாட்டைக் கட்டி, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் ஒருவர் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக்கொண்டே வருவார். அந்த மாணவருக்கு வேறு பாடநூல் எதற்கு? மா முன் நிரையும் விளம் முன் நேரும் காய் முன் நேரும் வந்தால் வெண்டளை என்பதை அவர் நூற்பாவாக அறிவதற்கு முன்பே காதால் அறிந்திருப்பார். எதுகைக்காக ஒரு சொல்லைத் தேடி, அது கிடைத்ததும் பாட்டின் போக்கே மாறிவிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார். பழைய பாட்டைப் படிப்பதும் புதிய பாட்டைச் செய்வதும் அங்கே ஒரே படிப்பு. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர், மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பர். அவர்மீது பிள்ளை பாடியதுதான் குளத்தூர்க் கோவை. மரபான கோவையும் புதிதாய்ப் பிறந்த நாவலும் அத்தனை அருகில் இருந்திருக்கின்றன.

அந்த நாள்களைப் பொற்காலம் என்று நான் கொண்டாட வரவில்லை. பிள்ளை பாடம் சொன்ன அந்தத் திண்ணையில் உட்கார எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை. பெண்கள் அங்கே இல்லை. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இல்லை. இதைச் சொல்லாமல் குருகுலத்தின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

பிள்ளையின் மாணவர் உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கினார். முதலியார் அசரவில்லை, சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வி ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது நாம் அறிந்த கதைதான். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று ஏடுகள் அச்சேறின. அதே 1887-இல் யாழ்ப்பாணத்தவரான சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அவர். இந்த இருவரும் இல்லாவிட்டால் இன்று நமக்குப் பாடத்திட்டமே இல்லை. ஆனால் தமிழாசிரியரின் வேலை எது என்பதும் அந்தக் காலத்தில்தான் மாறிப்போனது. ஏட்டைத் தேடுவது, பாடம் ஒப்பிடுவது, உரை எழுதுவது ஆகியவை உயர்ந்தன. பாட்டுக் கட்டுவது பழம்போக்கு ஆயிற்று.

இதற்குப் பல்கலைக்கழகத்தின் அமைப்பும் ஒரு காரணம், ஒருவேளை பெரிய காரணம். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளுக்குப் பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை; கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகவே இருந்தது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் வினாத்தாள் எழுதுகிறார், முகம் தெரியாத இன்னொருவர் விடைத்தாள் திருத்துகிறார். சொற்பொருளை அப்படிச் சோதிக்கலாம். இலக்கணக் குறிப்பையும் அணியையும் துறையையும் சோதிக்கலாம். ஒரு பையன் சுமாராக எழுதிய பாட்டை அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வருகிறானா என்பதை மூன்று மணி நேரத் தேர்வில் எப்படிப் பார்ப்பது? சோதிக்க முடியாதது பாடத்திலிருந்து நழுவியது. 1901-இல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வுகளும் பின்னால் வந்த வித்துவான் தேர்வும் தேர்வுக் கூடத்தைச் சுற்றியே அமைந்தன.

நழுவியதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞரைப் பாடத்திட்டத்தில் தமிழைக் காக்கப் போராடியவர் என்றும், தமிழைச் செம்மொழி என்று நிறுவ முயன்றவர் என்றும் நினைவுகூர்கிறோம். அவர் நாடகத்துக்கு இலக்கண நூல் எழுதியதோடு நிற்காமல் ரூபாவதி, கலாவதி என்று நாடகங்களும் எழுதினார். ஆங்கில சானட் வடிவத்தைத் தமிழில் செய்துபார்த்தார். இலக்கணம் எழுதிய கையே இலக்கியமும் எழுதிப் பார்த்தது. 1903-இல், முப்பத்து மூன்று வயதிலேயே போய்விட்டார். அவர் இன்னும் இருபது ஆண்டு அந்த வகுப்பில் நின்றிருந்தால் நம் தமிழ்த் துறைகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு இரண்டு பாதைகளாயின. 1930-களில் மணிக்கொடி இதழ் வழியாகத் தமிழ்ச் சிறுகதையை வளர்த்தவர்கள் தமிழ்த் துறைகளிலிருந்து வந்தவர்கள் அல்லர். மௌனி கணிதம் படித்தவர். ந. பிச்சமூர்த்தி வழக்கறிஞர். பின்னால் வந்த ஜெயகாந்தன் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை. மறுபுறம் மு. வரதராசன். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றவர். பச்சையப்பன் கல்லூரியில் தலைமுறைகளை உருவாக்கியவர். ‘அகல் விளக்கு’ நாவலுக்காக 1961-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றவர். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. ஆனால் படிப்பு என்று கல்லூரி கணக்கில் வைத்தது ஆய்வை மட்டுமே. நாவல் அவர் வீட்டில் செய்த வேலை. 1970-களில் கோவையிலிருந்து வந்த வானம்பாடிக் கவிஞர்களில் சிற்பி உள்ளிட்ட பலர் கல்லூரித் தமிழாசிரியர்கள். அவர்களைப் பார்த்து எத்தனையோ மாணவர்கள் எழுத வந்தார்கள். அதுவும் நடந்தது மணியடித்த பிறகு, மன்றக் கூட்டத்தில், கவியரங்க மேடையில்.

இலங்கையில் ஒரு காலம் வேறாக இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதினார். 1960-களில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்தாசிரியர்களான அண்ணாவிமாரின் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். மாணவராக இருந்த மௌனகுருவும் மற்றவர்களும் ஆடியும் பாடியும் அதைக் கற்றார்கள். ‘இராவணேசன்’ கூத்து அப்படி உருவானதுதான். அங்கே கூத்து ஆய்வுக்குரிய பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. மாணவர்கள் தம் உடம்பால் செய்து கற்ற பாடமாகவும் இருந்தது.

படைப்பெழுத்தைப் பட்டப்படிப்பில் சேர்ப்பது மேற்கத்திய இறக்குமதி என்று ஒரு முணுமுணுப்பு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் படைப்பையே பட்டத்துக்குரிய ஆய்வேடாக ஏற்பதாக அறிவித்தது 1922-இல். அதன் எழுத்தாளர் பட்டறை 1936-இல் அமைந்தது. 1973-இல் அசோகமித்திரன் போனது அதே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு. அந்த மாதங்களிலிருந்துதான் ‘ஒற்றன்’ நாவல் வந்தது. அயோவாக்காரர்களுக்கு முன்பே திருவாவடுதுறையில் செய்துகாட்டிவிட்டார்கள் என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் செய்து கற்பது நமக்கு அந்நியமானது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

வகுப்பில் படித்தா புதுமைப்பித்தன் வந்தார் என்று கேட்பவர்களும் உண்டு. வரவில்லைதான். பெரிய எழுத்தாளரை எந்த வகுப்பும் செய்து தர முடியாது. நான் கேட்பது அதை அல்ல. ஒரு வெண்பாவை எழுதித் தோற்றுப்போன மாணவிக்கு அடுத்த குறளைப் படிக்கும்போது அதில் ஒரு சொல்கூட மிகையாக இல்லை என்பது தெரியும். ஒரு சிறுகதையின் முதல் பத்தியை நான்கு முறை மாற்றி எழுதியவள் கு. அழகிரிசாமியின் கதை எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிப்பாள். எழுதிப் பார்ப்பது வாசிப்பின் ஒரு பகுதி.

இன்று அரசு கல்லூரித் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், தறிக்காரர் மகள், மீனவர் மகன், நூறு நாள் வேலைக்குப் போகும் தாய் படிக்கவைத்த பெண். பழைய திண்ணையில் இடம் கிடைக்காதவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். கதவு ஒருவழியாகத் திறந்தது. ஆனால் அவர்கள் உள்ளே வருவதற்குள் எழுத்தாணியை அப்புறப்படுத்திவிட்டோம். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீன்பாட்டுக்கும் அந்த மீனவர் மகன் வீட்டில் இருக்கும் சொற்களைத் தேர்வுத்தாள் ஒருநாளும் கேட்பதில்லை. கேட்டால் என்ன வரும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அப்போது அரசு கல்லூரித் தமிழாசிரியராக இருந்த நாவலாசிரியர் பெருமாள்முருகன் தம் மாணவர்களையும் ‘கூடு’ ஆய்வுச் சந்திப்புக்கு வந்தவர்களையும் தங்கள் சாதி அனுபவத்தை எழுதச் சொல்லித் தொகுத்த ‘சாதியும் நானும்’ 2013-இல் வந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அதுவரை அச்சில் வராதவர்கள். அப்படி ஒரு புத்தகத்தை எந்த நோட்ஸும் தந்திருக்க முடியாது.

பல பாடத்திட்டங்களில் படைப்பிலக்கியம் என்று ஒரு தாள் இப்போது இருக்கிறது. அதிலும் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும், புதுக்கவிதையின் இலக்கணம் யாது என்று கேட்டு மதிப்பெண் போடுவதுதான் வழக்கம். அந்தத் தாளையாவது எழுத்துத் தேர்விலிருந்து விடுவிக்க வேண்டும். மாணவர் ஒரு பருவம் முழுக்க ஒரு சிறுகதையோ, ஊர் வரலாறோ, பாட்டியின் வாய்மொழியைக் கேட்டெழுதிய கட்டுரையோ செய்யட்டும். ஆசிரியர் அதை மூன்று முறையாவது படித்துத் திருத்தட்டும். முதல் வரைவும் கடைசி வரைவும் சேர்ந்தே மதிப்பிடப்படட்டும்.

நாற்பது மாணவர்கள் மூன்று முறை எழுதினால் நூற்றிருபது வரைவுகள். அடுத்த ஆண்டு பணி உண்டா என்று தெரியாமல், குறைந்த தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளரிடம் அதை எந்த வாயால் கேட்பது? மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் திருவாவடுதுறை ஆதீனம் சோறு போட்டது, மாணவர்களுக்கும் போட்டது. நம் கல்லூரிகளுக்கு அரசு போட வேண்டும். காலியாகக் கிடக்கும் தமிழாசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பிவிட்டு, அதன் பிறகு பாடத்திட்டக் குழு கூடட்டும்.