ஓடிய நாள்கள் உரைகல் ஆகுமா?

ஒரு கலைப்படைப்பின் தகுதியை, அது எத்தனை நாள் ஓடியது என்று எண்ணிப் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. நெடுநாள் ஓடியது உயர்ந்தது. விரைவில் நின்றது தாழ்ந்தது. இந்த அளவுகோல் எத்துணைப் பிழையானது என்பதற்கு நியூயார்க் நகரின் பிராட்வே அரங்குகளிலிருந்து ஒரு சான்று காட்ட விழைகிறேன்.

ஜார்ஜ் காஃப்மன், மாஸ் ஹார்ட் ஆகிய இருவரும் 1934-இல் எழுதிய நாடகம் 'மெரிலி வி ரோல் அலாங்'. பொருளும் புகழும் பெற்று, உள்ளத்தில் வறியவனாகிவிட்ட ஒரு நாடகாசிரியனின் வாழ்வை அது பின்னோக்கிக் காட்டுகிறது. வீழ்ச்சியில் தொடங்கி, இலட்சியங்கள் வாடாதிருந்த இளமையில் முடிகிறது. ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையும் பாடல்களும் அமைக்க, ஜார்ஜ் ஃபர்த் வசனம் எழுத, ஹரால்ட் பிரின்ஸ் இயக்க, அது இசை நாடகமாகி 1981 நவம்பர் 16-ஆம் நாள் மேடையேறியது. இதில் கதைநாயகன் ஓர் இசையமைப்பாளன். திரைப்படத் தொழில் தரும் செல்வத்தை நாடிச் சென்று உயிர் நண்பனை இழக்கிறான். வெற்றிக்குத் தன்னை விற்றவனின் இக்கதை, 16 காட்சிகளோடு தோல்வி என்று முத்திரை குத்தப்பட்டு நின்றுபோயிற்று.

அதில் குறைகளே இல்லை என்று நான் வாதிடவில்லை. அனுபவமில்லா இளைஞர்கள் நடுவயதினராக நடித்தார்கள். யார் எவர் என்று பார்வையாளர்கள் குழம்பியதால், பாத்திரங்களின் பெயர்களைச் சட்டைகளிலேயே எழுத வேண்டியதாயிற்று. குறைகளைச் சுட்டிய விமர்சகர்கள் தம் கடமையையே செய்தார்கள்.

நான் எதிர்ப்பது வேறொன்றை. 2023-இல் மரியா ஃபிரீட்மனின் இயக்கத்தில் அதே படைப்பு பிராட்வேக்குத் திரும்பியது. அரங்கு நிறைந்தது, 2024-இல் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருதும் கிடைத்தது. உடனே, "பார்த்தீர்களா, இறுதியில் நாடகம் வென்றுவிட்டது" என்கிறார்கள். இவ்வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 1981-இல் தீர்ப்பளித்தது கல்லாப்பெட்டி; 2023-இல் தீர்ப்பளித்ததும் அதே கல்லாப்பெட்டி. தீர்ப்பு மாறியிருக்கிறது, நீதிபதி மாறவில்லை! மீண்டும் மேடையேறாமலே போயிருந்தால் அப்படைப்பு மதிப்பற்றது ஆகிவிடுமா? வெற்றியைத் தெய்வமாக்கியவனின் அவலத்தைச் சொல்லும் நாடகத்தை, வெற்றியைக் காட்டியே புகழ்வது எத்தகைய முரண்பாடு!

உண்மையில் போற்றத்தக்கது இடைப்பட்ட காலமே. பிராட்வே கைவிட்ட படைப்பைச் சோண்ட்ஹைமும் ஃபர்த்தும் கைவிடவில்லை. 1985-இல் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவிலும், பின்னர் 1994-இல் நியூயார்க்கின் சிறு அரங்கு ஒன்றிலும் திருத்திய வடிவங்கள் மேடையேறின. பழைய பாடல்கள் நீங்கின, புதியவை சேர்ந்தன. தம் பிழையை ஒப்புக்கொண்டு, பொறுமையோடு திருத்திய உழைப்பு அது. ஃபர்த் 2008-லும், பிரின்ஸ் 2019-லும், சோண்ட்ஹைம் 2021-லும் மறைந்தார்கள். அவர்களுள் எவரும் பிராட்வே வெற்றியைக் காணவில்லை. அதனால் அவர்களது உழைப்பு வீணென்று சொல்லத் துணிபவர் யார்?

ஆகவே, அன்பர்களே, எத்தனை நாள் ஓடியது என்று கேட்பதை விடுவோம். எதைச் சொன்னது, உண்மையோடு சொன்னதா, பிழை கண்டபோது திருத்திக்கொண்டதா என்று கேட்போம். மனிதரை எடைபோடும்போதும் இக்கேள்விகளே நமக்குப் போதுமானவை.