மங்குக்கு மருந்து கேட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள்

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்குவதற்காக மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "தம்பி, இந்த மங்குக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடுப்பா" என்றார். கடைப் பையன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கை தானாகப் போய் ஒரு சின்ன ட்யூபை எடுத்து வைத்தது. "ராத்திரி பூசுங்கம்மா, ஒரு வாரத்துல தெரியும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, அதை வாங்காதீங்க. தோல் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க" என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து, "சார், உங்க மாத்திரையை வாங்கிட்டுப் போங்க" என்றார். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ட்யூபை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். நான் சும்மா உபதேசம் செய்கிறவன் இல்லை. அதே மாதிரி ஒரு ட்யூபை என் கையால் வாங்கிக்கொண்டுபோய் என் மனைவியிடம் கொடுத்தவன்.

மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம். வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தேன். பாதி ஆயுள் கம்பத்து மேலேயும் ட்ரான்ஸ்பார்மர் பக்கத்திலேயும் வெயிலில் போனது. ஐம்பது தாண்டியதும் நெற்றியிலும் கன்னத்திலும் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்தன. என் மனைவிக்கு வேறு மாதிரி. இரண்டாவது பிரசவத்தின்போதே இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. இருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

2019ல் எனக்கு மணிவிழா வந்தது. ஒரு மாதம் முன்னால் அக்கா வந்திருந்தார். "என்னடா, ரெண்டு பேர் மூஞ்சியும் இப்படிக் கெடக்கு? நாளைக்கு போட்டோவுல நல்லாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அறுபது வயதில் எனக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று இன்று வரை விளங்கவில்லை. மறுநாளே கடைக்குப் போய் இரண்டு ட்யூப் வாங்கினேன். சீட்டு கேட்கவில்லை, பில்லும் கொடுக்கவில்லை.

பத்தே நாளில் வேலை செய்தது. அதுதான் இதில் உள்ள சூழ்ச்சியே. மணிவிழாப் படத்தில் இருவரும் பளிச்சென்று இருப்போம். அதோடு நான் விட்டுவிட்டேன், எனக்குச் சோம்பேறித்தனம். அவள் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் "என்ன இப்படிப் பளபளன்னு ஆயிட்டே!" என்று கேட்டார்கள், பூசிக்கொண்டே இருந்தாள். தீரத் தீர வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஐந்தாவது மாதம் முகம் சிவந்தது. அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை, எரிகிறது என்றாள். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது. தாடையில் பூனைமுடி அடர்ந்தது. பயந்துபோய் க்ரீமை நிறுத்தினாள். நிறுத்திய மூன்றாம் நாள் முகமெல்லாம் தடித்து, சின்னச் சின்னக் கொப்புளமாகி, பழைய மங்கு முன்பைவிடக் கருப்பாக ஏறி நின்றது. மறுபடி பூசினால் அடங்கும். விட்டால் கொதிக்கும். குடிப்பழக்கம் மாதிரி.

அரசு மருத்துவமனை தோல் பிரிவில் காட்டினோம். "என்னம்மா பூசுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டர், சாதாரண க்ரீம்தான்" என்றாள். "அந்த ட்யூபை நாளைக்குக் கொண்டாங்க" என்றார். கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பொடி எழுத்தைப் படித்துச் சொன்னார். அதில் மூன்று மருந்து இருந்தது: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அப்புறம் மொமெட்டசோன் என்கிற ஸ்டீராய்டு.

இந்தக் கூட்டு நேற்று வந்ததல்ல. 1975லேயே கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரும் அவருடைய சகாவும் இந்த மாதிரி மூன்றையும் சேர்த்துப் பூசலாம் என்று எழுதினார்கள். இன்றும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள், சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்போடு. அதை நான் குறை சொல்லவில்லை. கத்தி டாக்டர் கையில் இருந்தால் ஆபரேஷன், கண்டவன் கையில் இருந்தால் வேறு.

ஸ்டீராய்டு செய்வது என்ன? ரத்தக் குழாயைச் சுருக்கி, வீக்கத்தையும் நிறத்தையும் அடக்குகிறது. அதனால் முகம் வெளுத்த மாதிரி தெரியும். மாதக் கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். கண்ணோரத்தில் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தமும் புரையும்கூட வரலாம். ஹைட்ரோகுவினோனை வருஷக் கணக்கில் பூசினால் தோலிலேயே நீலக் கருப்புப் படியும், அது லேசில் போகாது. எங்கள் தொழிலில் ஒன்று சொல்வோம். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைக் கட்டினால், ஃப்யூஸ் போவது நிற்கும். ஒரு நாள் வயரிங் எரியும். இதுவும் அதேதான்.

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது. 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ட்யூபிலும் அட்டைப் பெட்டியிலும் அந்த எச்சரிக்கை அச்சடித்தே இருக்கிறது. நான் வாங்கியது 2019ல். அதாவது எனக்கு விற்றவர் தெரிந்தே விற்றார். சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டால் முறைக்கிற அதே கடைக்காரர், முகத்துக்கு என்றால் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறார். மேலே பூசுவதுதானே, உள்ளேயா போகிறது என்கிற அலட்சியம். அந்த அலட்சியத்தில் அவருக்குக் காசு. ஒரு தடவை பழகியவர் திரும்பத் திரும்ப வருவார் அல்லவா?

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டு நாம் நல்லவர்கள் என்று உட்கார முடியாது. 1975ல்தான் நம் ஊரில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. 2020ல் பேரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். நாற்பத்தைந்து வருஷம் கழித்துக் கம்பெனிக்காரனுக்கே அந்தப் பேர் கூச்சமாகிவிட்டது. நமக்கு இன்னும் கூச்சம் வரவில்லை. பொண்ணு பார்க்கப் போனால் "கலர் கொஞ்சம் கம்மி", குழந்தை பிறந்தால் "அப்பா கலர் வந்துடுச்சே", வெளியூரிலிருந்து யார் வந்தாலும் "என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டே?" வயதாகிவிட்ட நாம்தான் இதை அதிகம் பேசுகிறோம். என் அக்கா கெட்டவர் இல்லை. நானும் என் மருமகளைப் பார்த்த அன்றைக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னவன்தான்.

"ஸ்டீராய்டு வேண்டாம், வெளிநாட்டு க்ரீம் வாங்கிக்கிறேன்" என்பவர்களுக்கு ஒரு சேதி. பேர் தெரியாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். கேரளத்தில் மலப்புரம் பக்கம் அப்படிப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதை 2023ல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். "அப்போ இயற்கையா எலுமிச்சம்பழம் தேய்க்கிறேன்" என்றால், அந்தச் சாறோடு வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கருக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

முதலில், கருப்பெல்லாம் ஒன்றல்ல. என் முகத்தில் இருப்பது வெயில் பொட்டு, அவளுக்கு இருப்பது மங்கு. கழுத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரிக் கருத்திருந்தால் அது பெரும்பாலும் உடல் பருமன், சர்க்கரை சம்பந்தப்பட்டது. அங்கே க்ரீம் பூசுவதை விட்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள் வெயில் தாங்காமல் செய்யும், நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு பொட்டு வேகமாகப் பெரிதானாலோ, ஓரம் கோணலானாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் காட்டுங்கள்.

அடுத்தது, எந்த மருந்துக்கும் முன்னால் வெயில் தடுப்பு. குடை, தொப்பி, டாக்டர் சொல்லும் சன்ஸ்க்ரீன். மங்குக்கு நிறம் கலந்த சன்ஸ்க்ரீன் கூடுதல் பலன் தரும். இது இல்லாமல் எந்த வைத்தியம் செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

மூன்றாவது, ஏற்கெனவே மாதக் கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். என் மனைவிக்குப் படிப்படியாகக் குறைத்து, எரிச்சல் அடங்க ஒரு வருஷம் ஆனது. கொரோனா வந்து எல்லோரும் மாஸ்க் போட்டார்கள். "நல்லவேளை, யாரும் மூஞ்சியைப் பார்க்கலை" என்று அவள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

மங்கு இன்றும் இருக்கிறது. அதோடு சிவப்பு நரம்பு கொஞ்சம் மிச்சம், அது நான் வாங்கிக் கொடுத்தது. ஹாலில் மாட்டியிருக்கும் மணிவிழாப் படத்தை எடுத்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கட்டும். காசு குடுத்துக் கிடைச்ச கலரு" என்று சிரித்தாள்.

இதைப் படிக்கிற உங்களிடம் இரண்டே கோரிக்கை. வீட்டில் யாராவது முகத்துக்கு ஏதாவது பூசினால் அந்த ட்யூபை வாங்கிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எதுவும் இருந்து, டாக்டர் எழுதிக் கொடுக்காததாக இருந்தால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். இன்னொன்று, கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்: "சீட்டு இல்லாம இதைக் குடுக்குறீங்களே, இதே ட்யூபை உங்க வீட்ல குடுப்பீங்களா?" நான் அடுத்த மாத்திரைக்குப் போகும்போது கேட்கத்தான் போகிறேன்.