போர்தோவில் மறுக்கப்பட்ட ஒன்றியம்

"அப்படி நடந்திருந்தால்" என்ற கேள்வியைப் பத்திரிகையாளன் கேட்கக்கூடாது என்பார், எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த ஆசிரியர் ஒருவர். நடந்ததை எழுதவே பத்தியில் இடம் போதாது என்பது அவரது வாதம். ஆனாலும் 1940 யூன் 16ஆம் திகதியை நினைக்கும்போதெல்லாம் அந்த விதியை மீறவே மனம் விரும்புகிறது.

பாரிஸ் வீழ்ந்து இரண்டு நாட்களாகியிருந்தன. பிரெஞ்சு அரசாங்கம் போர்தோ நகரில் தஞ்சமடைந்திருந்தது. தனித்துச் சமாதானம் செய்வதில்லை என்று இரு நாடுகளும் மார்ச் 28இல் உடன்பட்டு மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அந்நிலையில் பிரித்தானிய அமைச்சரவை ஒரு பிரகடனத்துக்கு ஒப்புதல் அளித்தது. பிரித்தானியாவும் பிரான்சும் இனி இரு நாடுகளல்ல, ஒரே ஒன்றியம். ஒரு நாட்டின் பிரசை மற்றதன் பிரசையுமாவார். போரை நடத்த ஒரே அமைச்சரவை. அப்போது இலண்டனில் இருந்த டி கோல் அதனைத் தொலைபேசியில் பிரதமர் ரெய்னோவுக்கு வாசித்துக் காட்டினார். ரெய்னோ மகிழ்ந்தார். அவரது அமைச்சர்களோ அதில் பிரித்தானியாவின் சூழ்ச்சியையே கண்டனர். அன்று மாலையே ரெய்னோ பதவி விலக, பெத்தேன் பொறுப்பேற்றார். யூன் 22இல் ஜேர்மனியுடன் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று.

ஒன்றியம் நிலைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பிரான்சைப் போரில் வைத்திருக்க ஓரிரு நாட்களில் எழுதப்பட்ட காகிதம் அது. ஆனால் அந்தக் காகிதம் அரசாங்கத்தை வட ஆபிரிக்காவுக்குக் கப்பலேற்றியிருந்தால் அதுவே போதும். விஷி ஆட்சி தோன்றியிராது. பிரெஞ்சுக் கடற்படை ஜேர்மனியிடம் சேர்ந்துவிடும் என்ற அச்சத்தில், யூலை 3இல் மேர்ஸ்-எல்-கெபீரில் நேற்றைய நண்பர்களையே பிரித்தானியர் சுட்டு 1,297 மாலுமிகளைக் கொன்றிருக்க மாட்டார்கள்.

நம்மவரைத் தொட்ட விளைவு இன்னும் கிழக்கே இருக்கிறது. 1940 செப்டெம்பரில் விஷியின் இணக்கத்தோடு யப்பானியர் இந்தோசீனாவின் வடபகுதிக்குள் நுழைந்தனர். 1941 யூலையில் தென்பகுதிக்கும் வந்தனர். சைகோனை அண்டிய தளங்களிலிருந்து எழுந்த விமானங்களே டிசெம்பர் 10ஆம் திகதி மலாயாவுக்கு அப்பால் 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய பெருங்கப்பல்களை மூழ்கடித்தன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரில் பெருந்தொகையானோர் திரும்பவேயில்லை.

அல்ஜியர்சில் இருக்கும் ஓர் அரசாங்கம் ஹனோயைக் காத்திருக்குமா என்று கேட்கலாம். காத்திராதுதான். ஆனால் விஷியிடம் கையெழுத்தாகப் பெற்றதை யப்பான் அப்போது பிரித்தானியாவின் கூட்டாளியிடமிருந்து போரிட்டே பறிக்க வேண்டியிருந்திருக்கும். சீனாவில் சிக்கி, அமெரிக்க எண்ணெயை நம்பியிருந்த 1940இன் யப்பான் அதற்குத் தயங்கியிருக்கும் என்பதே என் எண்ணம். தயக்கம் ஓராண்டு நீடித்திருந்தாலும் மலாயாவின் கதை மாறியிருக்கலாம். (புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் பொன்வேன் அதே செப்டெம்பரில் டி கோலின் பக்கம் நின்றார். சுற்றிலும் பிரித்தானிய இந்தியா இருந்ததால் அவருக்கு அது எளிதாயிருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.)

1956இல், சுயெஸ் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சுப் பிரதமர் கீ மொலே இதே ஒன்றிய யோசனையை ஈடனிடம் முன்வைத்தார். இம்முறை மறுத்தது இலண்டன். 1963இல் ஐரோப்பியப் பொதுச்சந்தையில் சேரப் பிரித்தானியா கதவைத் தட்டியபோது 'முடியாது' என்று சொன்னவர், அன்று அந்தப் பிரகடனத்தைத் தொலைபேசியில் வாசித்த டி கோல்.