மிளகுக் காசும் ஆர்ஜிபி லைட்டும்

முதல் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிற எல்லாருக்கும் ஓசியில் கிடைக்கிற உபதேசம் ஒன்று உண்டு. "பட்ஜெட்ல பாதியை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிடு, மிச்சத்துல மத்ததை ஒப்பேத்திக்கோ." யூட்யூபில் சொல்கிறார்கள். கடையில் சொல்கிறார்கள். ஹாஸ்டல் ரூம்மேட் சொல்கிறான். அமெரிக்காக்காரன் சொன்னதை பெங்களூர்க்காரன் சொல்லி, அவன் சொன்னதை சென்னைக்காரன் சொல்லி, கடைசியில் அது கொல்லிமலை செம்மேடு வரைக்கும் ஏறி வந்துவிட்டது. வழியில் இருக்கிற 70 கொண்டை ஊசி வளைவில் ஒன்றிலாவது வண்டியை நிறுத்தி, "இந்த ஊருக்கு இது சரிப்பட்டு வருமா?" என்று யாரும் கேட்கவில்லை.

சரிப்பட்டு வராது. மலையில் முதல் மெஷின் வாங்குபவன் முதலில் காசு போட வேண்டியது கரண்டுக்கு. கிராபிக்ஸ் கார்டு கடைசி வரிசை. இதைச் சொன்னால் "கேமிங்னா என்னன்னே தெரியாத ஆளு" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கணக்கைப் பார்த்துவிட்டு சிரிக்கட்டும்.

அது யார் காசு?

பட்ஜெட் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுனில் அது அப்பாவின் ஒரு மாதச் சம்பளமாக இருக்கலாம், இல்லை கிரெடிட் கார்டு ஈஎம்ஐ-யாக இருக்கலாம். வாழவந்தி நாட்டிலோ சோளக்காட்டுப் பக்கமோ அது மிளகுக் காசு, காப்பிக் காசு, அன்னாசி விற்ற காசு. வருஷத்துக்கு ஒரு தடவை வருவது. அதை ஒரு தடவை தப்பாகச் செலவழித்தால் திருத்திக்கொள்ள அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் மழை கெடுத்தால் அதுவும் இல்லை.

பி.காம் படிக்கிற எல்லாரும் முதல் வருஷத்திலேயே படித்த பாடம்: ஒரு சொத்தின் அடக்க விலை என்பது பில்லில் இருக்கும் தொகை மட்டும் கிடையாது. கொண்டுவரும் கூலி, பொருத்தும் செலவு எல்லாம் அதில் சேரும். பரீட்சையில் 'கேரேஜ் இன்வேர்ட்ஸ்' என்று எழுதி மார்க் வாங்கியவர்கள், கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள். மலையில் ஒரு பார்ட் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு நாமக்கலுக்கோ சேலத்துக்கோ இறங்கணும். கொடுத்துவிட்டு வரணும். திரும்ப ஒருநாள் போய் வாங்கணும். ஆக இரண்டு நாள் பஸ் காசு, இரண்டு நாள் கூலி. இந்தச் செலவு எந்த யூட்யூப் லிஸ்டிலாவது இருக்கிறதா?

'ஐ7' என்னும் மந்திரம்

உபதேசத்தை நம்பி பையன் கடைக்குப் போகிறான். எந்தக் கடை என்பது முக்கியம் இல்லை, இந்த வியாபாரம் எல்லா ஊரிலும் நடக்கிறது. "தம்பி, ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. கண்ணாடி கேபினட்டு, கலர் கலரா லைட்டு எரியும். உங்க பட்ஜெட்டுக்குள்ளயே முடிச்சிரலாம்." பையன் மயங்கிவிடுகிறான்.

அந்த ஐ7 எந்த ஐ7? பல இடங்களில் அது ஐ7-2600. வெளிவந்தது 2011 ஜனவரியில். விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியலோ பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றினாலும் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் கேட்கும். அந்தக் காலத்து போர்டு அதற்கு எங்கே போகும்?

அந்த '4 ஜிபி கிராபிக்ஸ்' எது? பெரும்பாலும் 2014-ல் வந்த ஜிடி 730. நாலு ஜிபி உண்மைதான். ஆனால் மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி, கீழே அரை இஞ்சு பைப். தொட்டியைக் காட்டி விற்கிறார்கள். பைப்பை யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் விவரமான பையன் என்றால் செகண்ட்ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 தேடுவான். 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் மைனிங் முறையைக் கைவிட்டது. அதற்குப் பிறகு, ராப்பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. போதாக்குறைக்கு '2048எஸ்பி' என்று ஒரு வகை உண்டு. ஒரிஜினல் 580-ல் 2304 கோர். இதில் 2048 மட்டும். பெட்டியில் பெரிதாக 580, ஓரத்தில் பொடி எழுத்தில் 2048. பழைய ஐ7, மைனிங்கில் அடிபட்ட கார்டு, மேலே ஆர்ஜிபி லைட்டு. கரகாட்டக் குதிரை மாதிரி ஜிகினா ஜோராக இருக்கும், ஓடத்தான் செய்யாது.

எஸ்எம்பிஎஸ்: யாரும் பேசாத டப்பா

இந்த பேக்கேஜ்களில் கடைக்காரர் எங்கே லாபம் பார்க்கிறார் தெரியுமா? எஸ்எம்பிஎஸ்-ல். கேபினட்டோடு சேர்த்து "450 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய இலேசான டப்பா ஒன்றைத் தள்ளிவிடுவார். வாட் கணக்கைச் சரிபார்க்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்கினால் போதும். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 x 16 = 192 வாட். இன்றைய ப்ராசசரும் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். 580 கார்டு மட்டும் 185 வாட் கேட்கும். மிச்சம் 7 வாட்டில் ப்ராசசர் என்ன செய்யும், தியானமா?

மலையில் இதன் ஆபத்து இரண்டு மடங்கு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போகும், வரும், திரும்பப் போகும். அப்போது அந்த டப்பா தனியாகச் சாகாது. போர்டையும் கார்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகும். பாதிப் பணம் போட்டு வாங்கிய கார்டு, மிச்சம் பிடித்து வாங்கிய டப்பாவால் போச்சு. இதற்குப் பெயர் சிக்கனமா?

நல்ல எஸ்எம்பிஎஸ்-ல் 'ஆக்டிவ் பிஎஃப்சி' என்று இருக்கும். உள்ளீடு 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். 230 வரவேண்டிய இடத்தில் 160 வந்தாலும் அது சமாளிக்கும், ஸ்டெபிலைசர் காசு மிச்சம். பின்னால் 115/230 என்று சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது பழைய ரகம், வேண்டாம். '80 பிளஸ்' முத்திரையைப் பார்த்து மட்டும் ஏமாறக்கூடாது. அது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று கிடையாது.

அடுத்தது எர்த். மூணு பின் சாக்கெட் இருக்கும், மூணாவது ஓட்டையில் ஒயரே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கிறது என்றால் காரணம் அதுதான். ஆர்ஜிபி ஃபேன் வாங்குகிற காசை எலக்ட்ரீசியன் அண்ணனிடம் கொடுத்து ஒழுங்காக எர்த் போடச் சொல்லலாம். யுபிஎஸ் வேண்டும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வாங்கும் எஸ்எம்பிஎஸ்-ஸோடு அது ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே மாட்டி, பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்ல வேண்டும். சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் அப்படியே அணைந்துவிடும். இடி இடித்தால் யுபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். நெட் கேபிள் இருந்தால் அதையும்.

ஓர் எழுத்து வித்தியாசம்

"பாதி காசு கார்டுக்கு" கோஷ்டி பரிந்துரைக்கும் ப்ராசசர்கள் பெரும்பாலும் 'எஃப்' என்று முடியும். உதாரணம் ஐ3-12100எஃப். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் விலை கொஞ்சம் குறைவு. கார்டு நன்றாக இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. கார்டு வாரண்டிக்குப் போனால்? அது திரும்பி வரும் வரைக்கும் மொத்த கம்ப்யூட்டரும் கறுப்புத் திரைதான். டவுனில் இருப்பவன் நண்பனிடம் ஒரு கார்டு இரவல் வாங்குவான். மலையில் யாரிடம் வாங்குவது?

உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசசர்தான் முதல் மெஷினுக்கு. 2021 ஆகஸ்டில் கடைக்கு வந்த ரைசன் 5 5600ஜி மாதிரி. கார்டே இல்லாமல் வேலரன்ட் தாராளமாக ஓடும். ஜிடிஏ 5, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 செட்டிங்கைக் குறைத்தால் விளையாடும்படி ஓடும். ஒரே நிபந்தனை, ராம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். ஒரு 16-க்குப் பதில் இரண்டு 8. உள் கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ஒரு குச்சி போட்டால் பாதி வேகம் போய்விடும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. எனவே பழைய வீடியோவில் பார்த்த விலையை மறந்துவிட வேண்டும். ராம், ப்ராசசர், கேபினட் மூன்றையும் சோதித்துப் பார்த்து செகண்ட்ஹேண்டில் வாங்கலாம், தப்பில்லை. எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் செகண்ட்ஹேண்டில் கூடவே கூடாது.

ஓடும் செலவு

கார்டு போட்ட மெஷின் விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 4 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்ததே, அதில் முக்கால்வாசியை ஒரே பெட்டி தின்றுவிடும். அம்மாவின் மிக்ஸியும் கிரைண்டரும் காசு கட்டிய கரண்டில் ஓடும். கார்டு இல்லாத மெஷின் 100 வாட் என்றால் அதே கணக்கு 24 யூனிட்.

நெட்டும் அப்படியே. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150 ஜிபி இடம் வேண்டும். ஏறக்குறைய அவ்வளவையும் போனின் தினசரி 1.5 ஜிபியில் இறக்கினால் 100 நாள், அதுவும் வேறு எதையும் பார்க்காமல். இறக்கவே முடியாத கேமுக்காக முன்கூட்டியே கார்டு வாங்கி வைப்பது, ரோடு போடாத ஊருக்கு பஸ் வாங்குவது மாதிரி.

எதிர்க்கேள்விகள்

"அப்போ மலைப் பசங்கன்னா லோ செட்டிங்ல விளையாடிட்டு சாகணுமா?" இல்லவே இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல போர்டும் இருந்தால் அடுத்த வருஷ மிளகுக் காசில் கார்டைச் செருகிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தவனால் முடியாது, அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கார்டு தேர்வதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன் உள்ள கார்டு 5600ஜி-யோடு சேர்ந்தால் அதன் வேகம் அடிபடும். 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரி தனி பவர் கேபிள் கேட்காத கார்டு மலைக்கு ஏற்றது.

"பேசாம லேப்டாப் வாங்கிடலாமே?" நியாயமான கேள்வி. வோல்டேஜ் ரொம்ப மோசமான வீட்டுக்கு பேட்டரியுள்ள லேப்டாப்பே சரி. ஆனால் ஒரு பார்ட் போனால் அதை மட்டும் மாற்றும் வசதி டெஸ்க்டாப்பில்தான் உண்டு.

"பில் இல்லாம வாங்கினா 18 சதவீதம் கம்மி ஆகுமே?" இதைக் கேட்கிற காமர்ஸ் மாணவர்கள் வெட்கப்பட வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்தாலும் கொல்லிமலைக்காரர் நாமக்கல் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் பில் இல்லாமல் எதைக் காட்டி நிரூபிப்பது? அந்த 18 சதவீதம் மிச்சம் ஆகவில்லை. வாரண்டியும் வழக்குப் போடும் உரிமையும் அந்த விலைக்கு விற்றாகிவிட்டது.

கடைசியாக

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் சாய்த்தான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. 40,000 ரூபாயை வைத்துக்கொண்டு கார்டு, ப்ராசசர், லைட்டு, மானிட்டர், கேமிங் நாற்காலி என்று ஐந்தையும் ஒரே அம்பில் அடிக்க நினைத்தால் உடும்புகூடக் கிடைக்காது. வரிசை இதுதான்: எர்த், எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ். பிறகு உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசசர், ஒழுங்கான போர்டு, இரண்டு குச்சி ராம், எஸ்எஸ்டி. கார்டு அடுத்த வருஷம். லைட்டு எப்போதுமே வேண்டாம், மலையில் மின்மினிப் பூச்சி இலவசம்.

பல வீடுகளில் இதுதான் காசு கொடுத்து வாங்கும் முதல் கம்ப்யூட்டர். கேம் விளையாடும் அதே மெஷினில்தான் டேலி பழகணும், ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பணும், தங்கச்சி ப்ராஜெக்ட் செய்யணும். முதல் மழையிலேயே அது புகைந்து அடங்கிவிட்டால், வீட்டில் யாரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்ல மாட்டார்கள். "இதெல்லாம் நமக்கு ஒத்துவராதுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மூணு வருஷம் கழித்துத் தங்கச்சி ஒரு கம்ப்யூட்டர் கேட்கும்போதும் அதே வரிதான் பதிலாக வரும். "பாதி காசு கார்டுக்கு" என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள், அந்தப் பதிலையும் தங்கள் லிஸ்டில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

டிஸ்கி: மேலே சொன்ன வாட் கணக்கு எல்லாம் உதாரணத்துக்கு. அவரவர் மெஷினுக்கு அவரவர் பெருக்கிப் பார்க்கவும். காமர்ஸ் மாணவர்களுக்குக் கால்குலேட்டர் அனுமதி உண்டு.