உயிர் காக்கும் உரிமை உத்தியோகத்தோடு போகலாமா?

திருக்கோணமலைத் துறைமுகத்தை அண்டி இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று கடற்படைத் தளத்தின் மதிலுக்கு உள்ளே இருக்கும் ஊர். மற்றது மதிலுக்கு வெளியே இருக்கும் ஊர். உள்ளே வாழும் மாலுமியின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், படையினரின் வைத்தியசாலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெளியே, கொட்டியாரக் குடாவில் வலை வீசும் மீனவனின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், பொது வைத்தியசாலையின் நீண்ட வரிசை இருக்கிறது. அங்கு இல்லாத மருந்துக்குக் கடைத்தெரு இருக்கிறது. கடைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மதிலுக்கு உள்ளே இருப்போர் மீது பொறாமை கொண்டு நாம் இதனை எழுதவில்லை. நோய்க்கு இனம் இல்லை. மாலுமியின் மனைவியும் ஒரு தாய்தான். நாம் கேட்பது வேறு. ஒரு குடும்பத்தின் உடல்நலத்தைக் காக்கும் ஏற்பாடு, அக்குடும்பத் தலைவனின் உத்தியோகத்தோடு கட்டப்பட்டிருந்தால், அந்த உத்தியோகம் போகும் நாளில் அக்குடும்பத்தின் கதி என்ன?

வாழ்க்கை ஒரே நேர்கோட்டில் ஓடுவதில்லை. மணம், மகப்பேறு, பிள்ளை வளர்ந்து ஆளாதல், இடமாற்றம், ஓய்வு, அங்கவீனம், மணமுறிவு, மரணம் எனப் பல திருப்பங்கள் அதில் உண்டு. காப்புறுதி ஒன்று நல்லதா தீயதா என்பதை அதன் விளம்பரத்தில் பார்க்கலாகாது. இந்தத் திருப்பங்களில் அது என்ன செய்கிறது என்பதில்தான் பார்க்க வேண்டும். வண்டியின் அச்சு முறிவது பெரும்பாலும் வளைவிலேயன்றோ?

பிற நாடுகள் கண்ட வழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் படையினர் குடும்பங்களுக்கு ‘ட்ரைகெயார்’ எனும் திட்டம் உண்டு. மணம், குழந்தை பிறத்தல், இடமாற்றம், ஓய்வு ஆகிய ஒவ்வொன்றும் அங்கே சட்டம் அறிந்த ஒரு நிகழ்ச்சி. அது நேர்ந்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் குடும்பம் தன் மருத்துவத் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைக்கு 21 வயதுவரை காப்பு. முழுநேர மாணவராயின் 23 வரை. அதன்பின் கட்டணம் செலுத்தி 26 வரை. சேவையிலிருக்கும்போது கணவன் இறந்தால், மனைவி முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சேவையிலுள்ளவரின் மனைவியாகவே நடத்தப்படுகிறாள். மணமுறிவு பெற்றவளுக்கும் ஒரு விதி உண்டு: மணவாழ்வு இருபது ஆண்டு, கணவனின் சேவை இருபது ஆண்டு, இரண்டும் ஒன்றாகச் சென்ற காலம் இருபது ஆண்டு என்றால், அவள் மறுமணம் செய்யும்வரை உரிமை நிலைக்கும். பத்தொன்பது ஆண்டு பொறுத்தவள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்கலாம். ஆயினும் விதி எழுத்தில் இருக்கிறது. தன் நிலை என்னவென்று அவள் அறிவாள்.

பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டிலிருந்து படைக்குச் சென்று திரும்பியோர் பலர். அவர்களுக்கென இந்திய அரசு 2003 ஏப்பிரல் 1ஆம் திகதி முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. ஓய்வுபெற்றவர் ஒரு முறை பங்குப்பணம் செலுத்தினால், அவருக்கும் மனைவிக்கும் ஆயுள்வரை மருத்துவம் கிடைக்கிறது. அங்கும் வளைவுகள் உண்டு. மகனுக்கு 25 வயது வந்தாலோ, அதற்குமுன் அவன் உழைக்கத் தொடங்கினாலோ காப்பு முடியும். மகளுக்கு அவள் மணம் முடிக்கும்வரை அல்லது உழைக்கும்வரை. கணவனை இழந்தோ பிரிந்தோ தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வரும் மகளுக்கு மீண்டும் கதவு திறக்கிறது. இந்த ஒரு விதியை எழுதியவர் நம் குடும்பங்களை அறிந்தவர் என்றே சொல்ல வேண்டும்.

பிரித்தானியா சென்ற வழி வேறு. 1948 யூலை 5 முதல் அங்கே மருத்துவம் குடிமக்கள் அனைவருக்கும் பொது. படைவீரன் குடும்பம் இடம் மாறினால், சிகிச்சைக்குக் காத்திருக்கும் வரிசையில் அதன் இடம் பறிபோகக் கூடாது என்பது படையினருக்கு அந்நாடு கொடுத்த வாக்கு. சேவை முடிந்தாலும், மணம் முறிந்தாலும், கணவன் இறந்தாலும், வைத்தியரின் கதவு மூடுவதில்லை. அங்கே உரிமை தொப்பியைச் சேர்ந்ததன்று, தலையைச் சேர்ந்தது.

நம் நாடு எவ்வழி?

இலங்கை இரண்டு வழிகளிலும் கால் வைத்திருக்கிறது. 1951 முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றி வைத்தியம் என்பது இந்நாட்டின் கொள்கை. அது பெருமைக்குரியது. மறுபுறத்தில், உத்தியோகத்தோடு கட்டிய ஏற்பாடுகளும் வளர்ந்தன. அரச உத்தியோகத்தரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஓய்வூதியம் வழங்கும் கட்டளைச் சட்டம் 1898ஆம் ஆண்டிலேயே வந்தது. படையினருக்கென அத்தகைய தனிச்சட்டம் 1970இல் வந்தது. போரில் இறந்த, காணாமற்போன, அங்கவீனமுற்ற படையினரின் குடும்ப நலனுக்கென ரணவிரு சேவா அதிகார சபை 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. அரச உத்தியோகத்தருக்கு 1997இல் ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதி வந்தது; மணமானவரின் காப்பு வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் செல்லும்.

இவையெல்லாம் மாதச் சம்பளக்காரருக்கு. கமக்காரருக்கு 1987இலும், மீனவருக்கு 1990இலும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை முதுமையை நினைத்தன; அங்கவீனத்தை நினைத்தன; மரணத்தை நினைத்தன. உயிரோடு இருக்கும் மனிதனின் மனைவிக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்பதை நினைக்க மறந்தன.

இலவச வைத்தியம் இருக்க, காப்புறுதி எதற்கு என்று சிலர் கேட்பர். 2022ஆம் ஆண்டு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அதையடுத்து வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்தது. துண்டை எழுதிக் கையில் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னார்கள். இம்மாவட்டத்தின் வட எல்லையில், பதவி சிறிபுரப் பகுதியில், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் வாடும் கமக்காரர்கள் உள்ளனர். அவர்கள் சிங்களவர். நோய் முற்றியவருக்கு வாரத்தில் பல தடவை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாட்கூலியும் வண்டிச் செலவும் போகும். மூதூர் மீனவனின் துன்பமும் பதவி சிறிபுரக் கமக்காரனின் துன்பமும் ஒரே மொழியில்தான் பேசுகின்றன.

ஒரே வாங்கில் இருவர்

எல்லாத் திருப்பங்களிலும் கொடியது ஒன்று உண்டு. அதற்கு மரணம் என்று பெயரில்லை. வாழ்வு என்றும் பெயரில்லை. காணாமற்போதல் என்பது அதன் பெயர்.

எமது அலுவலக வாங்கில் ஒருநாள் இரண்டு பெண்கள் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருத்தி, கடலுக்குச் சென்று திரும்பாத மாலுமி ஒருவனின் மனைவி. மற்றவள், போர்க்காலத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத மீனவன் ஒருவனின் மனைவி. ஒருத்தியின் மொழி மற்றவளுக்குத் தெரியாது. இருவர் மடியிலும் ஒரே நிறக் கோப்பு. ஒரு காரியாலயத்தில் இருவருக்கும் சொல்லப்பட்டது ஒன்றே: “இறந்தார் என்று ஒப்புக்கொண்டு பத்திரம் எடுத்து வாருங்கள், அதன்பின் பார்க்கலாம்.” கணவன் வருவான் என்று விளக்கேற்றி வைத்திருப்பவளிடம், மருந்துக்கு விலையாக அவனுடைய மரணத்தைக் கேட்பது என்ன நீதி?

சட்டம் இவ்விடத்தில் முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி. போரின் காரணமாகக் காணாமற்போனவர் குறித்து, ஓராண்டு கடந்தபின் மரணத்தைப் பதிவுசெய்ய 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் இடமளித்தது. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ வந்தது. இறந்தார் என்று சொல்லாமலே, அவர் இல்லை என்பதை அரசு ஒப்புக்கொள்ளும் பத்திரம் அது. காணாமற்போன படையினரின் குடும்பத்துக்கும் அது பொருந்தும். தமிழ்க் குடும்பத்துக்கும் பொருந்தும். நல்ல சட்டம். ஆனால் மேசைக்கு மேசை அதன் பொருள் மாறுமானால், சட்டப் புத்தகத்தில் அது இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

கடற்படைக் குடும்பத்துக்காகத் தமிழ்ப் பத்திரிகை ஏன் பேச வேண்டும் எனச் சில வாசகர் சினக்கக்கூடும். 2006 சனவரி 2ஆம் திகதி இந்நகரின் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவரை நாம் மறக்கவில்லை. அவர்களுக்கு நீதி கேட்கும் எமது குரல் ஒருபோதும் தாழாது. ஆயினும் குற்றத்துக்குப் பொறுப்பு குற்றவாளியைச் சேர்ந்தது. நோயுற்ற குழந்தையைச் சேர்ந்ததன்று. பிறருக்கு மறுக்கப்படும் உரிமையின் மேல் நமது உரிமையைக் கட்டினால், அந்தக் கட்டடம் நிலைக்காது.

1957 சொன்ன பாடம்

இந்தத் துறைமுகம் ஒரு பாடத்தை முன்னரே படித்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் கைப்பற்றிய இத்துறை, அவர்களது கிழக்கிந்தியக் கடற்படையின் தலைத்தளமாக விளங்கியது. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அதன் பொருட்டே. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கொடி இறங்கித் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் தன்மானத்துக்கு அது நல்ல நாள். ஆனால் கப்பற்றளத்தையே நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலருக்கு அது வேலை போன நாள். கொடியோடு கூலி போனது. கூலியோடு அதில் தொங்கிய பாதுகாப்பும் போனது. எசமானனின் நிழலில் கட்டிய குடிசை, எசமானன் எழுந்து போனால் வெயிலில் நிற்கும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, படையினராயினும் அரச உத்தியோகத்தராயினும், மணம், மகப்பேறு, ஓய்வு, மணமுறிவு, மரணம் ஆகிய ஒவ்வொரு திருப்பத்திலும் குடும்பத்துக்குரிய மருத்துவ உரிமை எது, எத்தனை நாளுக்குள் எந்த மேசையில் அதைக் கேட்க வேண்டும் என்பதை ஒரே ஏட்டில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வழங்குக. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது; அது வைத்தியசாலை வாசலில் நின்றுவிடலாகாது.

இரண்டாவது, காணாமற்போனமைக்கான சான்றிதழ் வைத்திருக்கும் மனைவியை, மருத்துவ உதவிக்கும் ஓய்வூதியத்துக்கும் எல்லாக் காரியாலயங்களும் விதவைக்குச் சமமாக ஏற்குமாறு சட்டத்தில் ஐயமின்றி எழுதுக.

மூன்றாவது, கமக்காரரையும் மீனவரையும், அவர்தம் குடும்பத்தையும், அரசு பங்கு செலுத்தும் மருத்துவக் காப்புறுதிக்குள் கொண்டுவருக. உத்தியோகத்தருக்கு முடிந்தது உழவனுக்கு முடியாதென்பது கணக்கின் குறையன்று, மனத்தின் குறை.

நான்காவது, அரசியலமைப்பில் உடல்நல உரிமையை அடிப்படை உரிமையாக எழுதுக. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. எழுதாத உரிமைக்காக வழக்காடுவது எத்துணைக் கடினம் என்பதை நீதிமன்றப் படி ஏறிய எவரும் அறிவர்.

இவற்றைக் கேட்கும் கடமை நம்முடையது. சட்டம் படித்தோரும் வைத்தியரும் ஆசிரியரும் தம் ஊரில் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கி, மடியில் கோப்போடு அலையும் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். கமக்காரர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றித் தம் பாராளுமன்ற உறுப்பினரின் கையில் கொடுக்கட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம், எம் வீட்டில் நோய் வந்தால் உமது சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால், வாக்கும் இல்லை என்று சொல்லுங்கள்.